பூண்டுக்குழம்பு என்ன பாவம் பண்ணுச்சு?

இந்த எபிசோடை ஒரு மன்னிப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும். மன்னிப்பு உங்ககிட்ட இல்ல, எங்க அம்மாகிட்ட.

போன வருஷம் ஆறு மாசம் எனக்கு நைட் ஷிப்ட். அமெரிக்க கிளையன்ட். சாயங்காலம் ஆறரைக்கு முதல் கால், கடைசி கால் முடிய ராத்திரி ரெண்டரை ஆகும். நடுவுல டெலிவரி ஆப்ல எது சீக்கிரம் வருதோ அதுதான் சாப்பாடு. மூணாவது மாசம் நெஞ்செரிச்சல் ஆரம்பிச்சது. படுத்தா தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறும். கூடவே காரணமே இல்லாம ஒரு படபடப்பு. ஸ்லாக்ல யாராவது 'ஒரு நிமிஷம் பேசலாமா'ன்னு போட்டாலே கை சில்லுன்னு ஆயிடும்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம தலைமுறை எங்க போகும்? போனுக்குத்தான். ஒரு வெல்னெஸ் ஆப் இருபது கேள்வி கேட்டுச்சு. கேட்டுட்டு, என் மனசுல ரஜஸும் தமஸும் கூடிப்போச்சு, பூண்டும் வெங்காயமும் உடனே நிறுத்தணும், இது ஐயாயிரம் வருஷ ஆயுர்வேத ஞானம்னு சொல்லிச்சு. நிறுத்தினேன்.

எங்க அம்மா விருதுநகர்ல இருந்து மாசம் ஒரு தடவை பஸ்ல பூண்டுக்குழம்பு குடுத்துவிடுவாங்க. எண்ணெய் மேல மிதக்கும், உள்ள முழுப் பூண்டு வெண்ணெய் மாதிரி வெந்திருக்கும், பத்து நாள் ஆனாலும் கெடாது. அந்த மாசம் பாட்டிலைத் திறக்கவே இல்ல. 'என்னடா, குழம்பு தீந்துடுச்சா?'ன்னு போன்ல கேட்டாங்க. நான் சொன்னேன்: 'அம்மா, இதெல்லாம் தாமச உணவு. சின்ன வயசுல இருந்து இதைத் தின்னுதான் எனக்கு இந்தப் படபடப்பு.' அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'சரிப்பா'ன்னாங்க. எங்க அம்மா என்னை 'டா' போட்டுத்தான் பேசுவாங்க. 'ப்பா' வந்தா, தள்ளி நிக்கிறாங்கன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, வழியில்லாம டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டது என்ன சாப்பிடுறீங்கன்னு இல்ல. எப்ப சாப்பிடுறீங்க, எப்படிச் சாப்பிடுறீங்கன்னுதான். 'லேப்டாப் முன்னாடி, காலை மியூட்ல போட்டுட்டு'ன்னேன். அவர் சிரிக்கல. ரெண்டாவது, அந்த ஐயாயிரம் வருஷப் புத்தகத்தை நிஜமாவே எடுத்துப் பார்க்கணும்னு தோணுச்சு. யாராவது 'டாக்குமென்டேஷன்ல இருக்கு'ன்னா, எந்தப் பக்கம்னு கேக்குறது என் வேலைப் பழக்கம். எனக்கு சமஸ்கிருதம் தெரியாது. மொழிபெயர்ப்புகள் வழியாத்தான் படிச்சேன், அதை முதல்லயே சொல்லிடறேன்.

தேடப் போன இடத்துல முதல்ல கிடைச்சது ஒரு கொலை வழக்கு.

லடாக்குக்கும் யார்க்கண்டுக்கும் நடுவுல வியாபாரம் பண்ணிட்டிருந்தவர் ஆண்ட்ரூ டால்கிளீஷ், ஸ்காட்லாந்துக்காரர். 1888-ல காரகோரம் கணவாய் பக்கத்துல அவரைக் கொன்னுட்டாங்க. கொலைகாரனைத் தேடி அனுப்பப்பட்டவர் ஹாமில்டன் பவர்ங்கிற பிரிட்டிஷ் லெப்டினன்ட். 1890 தொடக்கத்துல அவர் குச்சாங்கிற ஊர்ல இருந்தார். தக்லமகான் பாலைவனத்தோட வட விளிம்புல இருக்குற பழைய பட்டுப்பாதை ஊர், இன்னைக்கு சீனாவோட ஷின்ஜியாங் பகுதி. அங்க புதையல் தேடித் தோண்டின உள்ளூர் ஆள் ஒருத்தருக்குப் புதையல் கிடைக்கல, ஒரு பழைய புத்தகம்தான் கிடைச்சிருந்தது. பவர் அதை வாங்கினார். கொலைகாரன் பிற்பாடு சமர்கண்டுல பிடிபட்டான், அது வேற கதை.

அந்தப் புத்தகம் பூர்ஜ மரப்பட்டையில எழுதினது. நம்ம ஊர்ல பனையோலை மாதிரி, இமயமலைப் பக்கம் இந்தப் பட்டை. தாள் தாளா உரியும். ஐம்பதுக்கும் மேல ஏடுகள். கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு வந்தப்ப யாருக்கும் படிக்கத் தெரியல. 1891-ல ருடால்ஃப் ஹெர்ன்லேங்கிற அறிஞர்தான் படிச்சார். அதை முழுசா அச்சுல கொண்டுவர அவருக்கு 1893-ல இருந்து 1912 வரைக்கும் ஆச்சு. (ரெண்டு வார ஸ்பிரின்ட்டையே நாலு வாரம் இழுக்குற எனக்கு இந்த மாதிரி ஆளுங்க மேல தனி மரியாதை.) இப்போ ஆக்ஸ்ஃபோர்டுல, போட்லியன் நூலகத்துல இருக்கு. பேர் பவர் சுவடி.

எழுத்து குப்தர் கால எழுத்து, மொழி சமஸ்கிருதம், புழங்கினவங்க பௌத்தத் துறவிகள். ஹெர்ன்லே நாலாம் நூற்றாண்டுன்னு நினைச்சார். பின்னாடி வந்த எழுத்தியல் ஆய்வுகள் அதை ஆறாம் நூற்றாண்டோட முதல் பாதிக்குக் கொண்டுவந்தது. எப்படிப் பார்த்தாலும் இந்திய மருத்துவத்துல இன்னைக்குக் கையில தொட்டுப் பார்க்கக்கூடிய ரொம்பப் பழைய சுவடிகள்ல இது ஒண்ணு. சரகர், சுஸ்ருதர் நூல்கள் இதைவிடப் பழசு, ஆனா அதுல நம்மகிட்ட இருக்குற பிரதிகள் இதுக்கு அப்புறம் எழுதினது. உள்ள ஏழு பகுதி. மூணு மருத்துவம், ரெண்டு பகடை உருட்டிக் குறி பார்க்கிறது, ரெண்டு பாம்புக்கடிக்கு மந்திரம்.

முதல் பகுதி எதுல ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறீங்க? பூண்டு.

நான் படிச்சப்ப நிஜமாவே நாற்காலியில இருந்து எழுந்துட்டேன். இமயமலையில முனிவர்கள் மூலிகை தேடி அலையுறாங்க. சுஸ்ருதர் ஒரு செடியைப் பார்க்கிறார். இலை கரும்பச்சையா நீலம் பாய்ஞ்சு இருக்கு, கிழங்கு வெள்ளை வெளேர்னு. இது என்னன்னு காசி ராஜாகிட்ட கேக்கிறார். ராஜா கதை சொல்றார்: பாற்கடல் அமுதத்தை ராகு திருட்டுத்தனமா குடிச்சான். விஷ்ணு அவன் தலையை அறுத்தார். தொண்டையில இருந்து சிதறின துளிகள் பூமியில விழுந்து பூண்டா முளைச்சது. பூண்டு வந்தது அமுதத்துல இருந்து. ஆனா ஒரு அசுரன் உடம்பைத் தொட்டுட்டு வந்ததால பிராமணர்கள் அதைச் சாப்பிடுறதில்லை. கொஞ்சம் பின்னாடி வந்த வாக்படரோட நூல்லயும் இதே கதை இருக்கு.

அப்புறம் ராஜா அதோட குணத்தைச் சொல்றார்: பசி மந்தம், இருமல், உடம்பு இளைக்கிறது, ஜீரணக் குறைவு எல்லாத்துக்கும் நல்லதாம். குளிர்காலத்துல பூண்டுத் திருவிழா எப்படிக் கொண்டாடணும்னு தனியா விவரிக்கிறார். வீட்டு வாசல்ல பூண்டு மாலை தொங்கவிடணும், வேலையாட்கள் கழுத்துலயும் பூண்டு மாலை போட்டுக்கணும். வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டுற மாதிரி பூண்டுத் தோரணம், கற்பனை பண்ணிப் பாருங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்து வருது. சாப்பிடக் கூடாத பிராமணருக்கு இந்த மருந்து தேவைப்பட்டா? வழி இருக்கு. பசுவுக்கு மூணு ராத்திரி புல் போடாம வெச்சிருந்து, அப்புறம் புல்லோட பூண்டுத்தாளைக் கலந்து குடுக்கணும். அந்தப் பசுவோட பாலோ தயிரோ நெய்யோ அவர் எடுத்துக்கலாம். எங்க துறைக்காரங்களுக்குச் சொல்றேன், இது ப்ராக்ஸி சர்வர். பிளாக் பண்ணின சைட்டுக்குப் பசு வழியா போறார்.

சிரிச்சுட்டு அந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு கவனிங்க. 'சாப்பிடக் கூடாது'ங்கிற விதியும் 'சாப்பிட்டா நல்லது'ங்கிற மருத்துவமும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு. வைத்தியர் விதியோட சண்டை போடல. ஆனா அந்த விதியை உடம்போட கணக்குலயும் சேர்க்கல. பூண்டு வயித்தைக் கெடுக்கும், புத்தியை மந்தமாக்கும்னு அவர் காரணம் சொல்லல. அவர் சொல்ற காரணம் ராகு. யார் எதைச் சாப்பிடலாம்ங்கிறது ஒரு கேள்வி, எது உடம்புக்கு ஆகும்ங்கிறது இன்னொரு கேள்வி. கிட்டத்தட்ட 1500 வருஷத்துக்கு முன்னாடி ஒரு வைத்தியருக்கு இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு. என் ஆப்புக்குத் தெரியல.

முதல் கேள்வி எங்க இருந்து வந்ததுன்னு பார்ப்போம். மனுஸ்மிருதியோட அஞ்சாவது அத்தியாயம் இருபிறப்பாளர்களுக்குப் பூண்டு, வெங்காயம், காளான் எல்லாத்தையும் விலக்குது. அஞ்சாம் நூற்றாண்டு தொடக்கத்துல வட இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி ஃபாஹியான், இங்க மக்கள் பூண்டு வெங்காயம் சாப்பிடுறதில்லை, சண்டாளர்கள் மட்டும் விதிவிலக்குன்னு எழுதி வெச்சிருக்கார். அவங்க ஊருக்கு வெளியில குடியிருந்தவங்க, ஊருக்குள்ள வந்தா கட்டையைத் தட்டிச் சத்தம் குடுத்துட்டு வரணும்னும் அவரே எழுதறார். அதாவது பூண்டு வாசனை, நீ ஊருக்கு உள்ளயா வெளியவான்னு சொல்ற அடையாளமா இருந்திருக்கு. ஃபாஹியான் சொன்ன மாதிரி ஊர் மொத்தமும் பூண்டை ஒதுக்கியிருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அவர் பழகினவங்க வீட்டுச் சமையலைத்தான் பார்த்திருப்பார். ஆனா ஒரு உணவைத் தமஸ்னு சொல்றதுக்கும், அதைச் சாப்பிடுற ஆளைச் சொல்றதுக்கும் நடுவுல தூரம் எவ்வளவு குறைச்சல்னு அந்த வரி காட்டிக்குடுக்குது. எங்க அம்மா ஏன் அமைதியானாங்கன்னு எனக்கு அப்பதான் உறைச்சது.

பௌத்தத் துறவிகளுக்கும் பூண்டு கூடாது. ஆனா காரணம் வேற. வினய பிடகத்துல ஒரு கதை இருக்கு. புத்தர் உபதேசம் பண்ணும்போது ஒரு பிக்கு தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கார். ஏன்னு விசாரிச்சா, பூண்டு தின்னுட்டாராம், வாசனை மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு ஒதுங்கியிருக்கார். உபதேசத்தையே தள்ளி நின்னு கேக்க வைக்கிற ஒரு சாப்பாடு எதுக்குன்னு புத்தர் தடை போடுறார். சுத்தமா மீட்டிங் ரூம் பிரச்சினை. உடனே அடுத்த கதை: சாரிபுத்தருக்கு வயித்துல வாயு. முன்னாடி இப்படி வந்தப்ப எதுல சரியாச்சுன்னு நண்பர் மொக்கல்லானர் கேக்கிறார். 'பூண்டு'ங்கிறார் சாரிபுத்தர். விஷயம் புத்தர்கிட்ட போகுது. நோய்னா சாப்பிடலாம்னு விதியைத் திருத்திட்டார். இத்தனை நூற்றாண்டு தாண்டியும் சாரிபுத்தரோட கேஸ் டிரபிள் எனக்கு ரொம்ப ஆறுதலா இருக்கு.

சரி, ஆயுர்வேதத்தோட மூல நூல்னு எல்லாரும் கை காட்டுற சரக சம்ஹிதைக்கு வருவோம். முதல்ல, ஐயாயிரம் வருஷம்லாம் இல்ல. இன்னைக்கு இருக்குற வடிவம் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி திரண்டு, சில நூற்றாண்டு கழிச்சு காஷ்மீர்ல திருடபலர் கையால நிரப்பப்பட்டது. அதுவே போதுமான வயசு, கூட்டிச் சொல்லணும்னு அவசியமே இல்ல.

அதுல உணவுக்குன்னு நீளமான ஒரு அத்தியாயம், சூத்ரஸ்தானம் 27. உணவைப் பன்னெண்டு வகையா பிரிச்சு ஒவ்வொண்ணா குணம் சொல்லும். நெல் கோதுமை ஒரு வகை, பருப்பு ஒரு வகை, காய், பழம், பால்னு போகும். இறைச்சி ஒரு வகை. மது ஒரு வகை! இஞ்சி, முள்ளங்கி, பூண்டு, வெங்காயம் எல்லாம் பச்சையா தின்னக்கூடியதுங்கிற வகையில வருது. பூண்டு சூடு, காரம், வாதத்தைக் குறைக்கும், புழுவைக் கொல்லும், இப்படித்தான் பேச்சு. சாத்வீகம், தாமசம்னு அந்தப் பட்டியல் பிரிக்கப்படல.

இன்னும் ஒரு படி மேல போறார் சரகர். எலும்பும் தோலுமா இளைச்சுப்போற நோயாளிக்கு மாமிசம் குடுக்கச் சொல்றார். ஆடு கோழி மட்டும் இல்ல, காக்கா, பாம்பு, மண்புழு வரைக்கும். நோயாளி அருவருப்புல வாந்தி எடுத்துடுவானே? அதுக்கு யோசனை: காக்காவைக் கௌதாரின்னு சொல்லிக் குடு, பாம்பை மீன்னு சொல்லு, மண்புழுவை வறுத்து மீன் குடல்னு சொல்லு. வைத்தியர் பொய் சொல்லணும்னு சம்ஹிதையே எழுதுது! எனக்கு அந்த வைத்தியத்துல துளிகூட நம்பிக்கை இல்ல. ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற கவனிப்பைப் பாருங்க. தட்டுல என்ன இருக்குங்கிறது மட்டும் இல்ல, தட்டுல என்ன இருக்குன்னு மனசு நினைக்குதோ அதுவும் வயித்துக்குள்ள போகுது.

அப்போ அந்தச் சாத்வீகம், ராஜசம், தாமசம்ங்கிற உணவுப் பிரிவு எங்க இருந்து? ஆப் அதைக் காத்துல இருந்து எடுக்கல. ரஜஸும் தமஸும் மனசோட தோஷங்கள்னு சரகரே சொல்றார். வாத பித்த கபம் உடம்புக்கு, இவை ரெண்டும் மனசுக்கு. ஆனா சாப்பாட்டையே மூணு குணமா பிரிச்சு வைக்கிற பேர்பெற்ற இடம் பகவத் கீதையோட 17-ஆம் அத்தியாயம். அங்கயும் பூண்டு வெங்காயம் பேரே இல்ல. ரொம்பக் காரம், புளிப்பு, உப்பு, சூடு எல்லாம் ராஜசம். ஆறி நேரமாகிப்போனது, ருசி போனது, நாறினது, மிச்சம் மீதி எல்லாம் தாமசம். இந்தக் கணக்குப்படி வத்தக்குழம்பு ராஜசம், பழைய சோறு தாமசம். ஸ்டார் ஹோட்டல்ல மண்சட்டியில பழைய சோறு போட்டு விக்கிறவங்களும் கோடு தாண்டினவங்கதான்.

பூண்டைப் பேர் சொல்லி விலக்குற ஒரு இடம் பதினைஞ்சாம் நூற்றாண்டு ஹட யோக பிரதீபிகை. யோகப் பயிற்சி பண்றவன் தவிர்க்க வேண்டிய பட்டியல் அது. பூண்டு இருக்கு. கூடவே என்னெல்லாம் இருக்கு தெரியுமா? தயிர், மோர், கொள்ளு, பெருங்காயம். பூண்டு சாப்பிட மாட்டோம்னு பெருங்காயம் போட்டுச் சாம்பார் வைக்கிறாங்களே, அந்தச் சாம்பாரும் அவுட். மூச்சை அடக்கித் தனியா குடிசையில உட்கார்ந்து பயிற்சி பண்ற ஒருத்தனுக்கு எழுதின விதி, ஓ.எம்.ஆர்ல நைட் ஷிப்ட் பாக்குறவனுக்கு ஏன் பொருந்தணும்னு நான் யோசிச்சிருக்கணும்.

யோகியோட பட்டியல் வைத்தியரோட பட்டியலா மாறினது சமீபத்துக் கதை. அதுல நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்கும் பங்கு உண்டு. 1887-ல திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில பிறந்த குப்புசாமி. ஆமா, பாய்க்குப் பேர் போன பத்தமடைதான். மலாயாவுல டாக்டரா வேலை பார்த்துட்டு, எல்லாத்தையும் விட்டு ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தா ஆனார். 1936-ல தெய்வ நெறிக் கழகம் ஆரம்பிச்சார். உடம்பு, மூச்சு, சாத்வீகச் சாப்பாடு, மனசு எல்லாத்தையும் சேர்த்து எளிமையா எழுதிக் குவிச்சார். அவரோட சீடர் விஷ்ணுதேவானந்தா 1957-ல அதை எடுத்துட்டு அமெரிக்கா கிளம்பினார். பூண்டு வெங்காயம் இல்லாத ஆசிரமச் சாப்பாடும் யோகா வகுப்போட போச்சு. அங்க யோகாவும் ஆயுர்வேதமும் ஒரே அலமாரியில விக்க ஆரம்பிச்சதும், துறவியோட ஒழுங்கு எது, வைத்தியரோட கணிப்பு எதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாமப்போச்சு. சுத்தி வளைச்சு அது என் போனுக்கு ஆங்கிலத்துல வந்து சேர்ந்தது. பத்தமடையில இருந்து விருதுநகர் பஸ்ல போற தூரம்தான். எங்க அம்மா சமையலறைக்கு அது கலிபோர்னியா வழியா வர வேண்டியிருந்திருக்கு.

துறவியைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. விரதம் இருக்கிறவங்க, வழக்கமாவே பூண்டு சேர்க்காத வீடுகள், அது அவங்கவங்க வாழ்க்கை. சிலருக்குப் பூண்டு உடம்புக்கே ஆகாது, அதுவும் உண்மை. பூண்டுலயும் வெங்காயத்துலயும் ஃப்ரக்டான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு. நம்ம சிறுகுடல் அதை உடைக்காது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வெச்சு வாயு உண்டாக்கும். ஐ.பி.எஸ். இருக்கிறவங்களுக்காக ஆஸ்திரேலியாவோட மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின உணவு முறையில முதல் கட்டத்துல பூண்டை நிறுத்திடுவாங்க. ஆனா அது உங்க குடலைப் பத்தின தகவல். உங்க குணத்தைப் பத்தின தீர்ப்பு இல்ல. என் டாக்டர் என்னைப் பூண்டை நிறுத்தச் சொல்லவே இல்லைங்கிறதையும் சொல்லிடறேன்.

அப்போ சரகர் சாப்பாட்டையும் மனசையும் பத்தி என்னதான் சொல்றார்? இதுதான் நான் தேடிப்போகாம கிடைச்சது.

விமானஸ்தானம்னு ஒரு பகுதி. அதுல முதல் அத்தியாயம், ஒரு சாப்பாடு நல்லதா கெட்டதான்னு தீர்மானிக்க எட்டு விஷயம் பார்க்கணும்ங்குது. பொருளோட இயல்பு அதுல ஒண்ணுதான். எப்படிச் சமைச்சாங்க, எதோட சேர்த்தாங்க, எவ்வளவு, எந்த ஊர், எந்தக் காலம், எந்த முறையில சாப்பிடுறாங்க, கடைசியா யார் சாப்பிடுறா. எட்டு பேராமீட்டர் இருக்குற ஃபங்ஷனுக்கு என் ஆப் ஒண்ணே ஒண்ணை மட்டும் அனுப்பிட்டு முடிவு சொல்லியிருக்கு. அதே இடத்துல சாப்பிடுற முறையும் இருக்கு: சூடா சாப்பிடு, முன்னாடி சாப்பிட்டது செரிச்ச பிறகு சாப்பிடு, அவசரப்படாதே, ரொம்ப இழுத்தடிக்கவும் செய்யாதே, பேச்சு சிரிப்பு இல்லாம மனசை அதுல வெச்சு சாப்பிடு.

அடுத்த அத்தியாயத்துல வயித்தை மூணு பங்கா நினைச்சுக்கோன்னு வருது. ஒரு பங்கு கெட்டியா இருக்குறதுக்கு, ஒரு பங்கு திரவத்துக்கு, ஒரு பங்கை வாத பித்த கபம் நடமாட விட்டு வை. அதுக்கப்புறம் வர்ற இடத்தைத்தான் நான் அச்செடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கேன். என் வார்த்தையில சொல்றேன்: நல்ல சாப்பாடா இருந்தாலும், அளவா சாப்பிட்டிருந்தாலும், கவலை, துக்கம், பயம், கோபம், சரியில்லாத படுக்கை, ராத்திரிக் கண்விழிப்பு இதெல்லாம் இருந்தா செரிக்காது.

கவலை, பயம், ராத்திரிக் கண்விழிப்பு. என் ஆறு மாச ஷிப்டை யாரோ பக்கத்துல இருந்து பார்த்து லாக் எடுத்த மாதிரி இருந்தது. அதுல பூண்டு இல்ல.

உடனே 'பார்த்தீங்களா, நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க'ன்னு நான் கிளம்பப் போறதில்லை. அக்னிங்கிறது வயித்து அமிலம் இல்ல. அது அவங்களோட கோட்பாடு, எந்தக் கருவியிலயும் அளக்க முடியாது. ஆனா கவனிப்பு வேற, கோட்பாடு வேற. கவலைப்படுறவனுக்குச் சாப்பாடு செரிக்காதுங்கிறது நோயாளிங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்த ஆளுங்களோட கவனிப்பு. அது எப்படி நடக்குதுன்னு நேர்ல பார்க்க ரொம்ப நாள் ஆச்சு. 1822-ல அமெரிக்காவுல அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்ங்கிற இளைஞனுக்கு வயித்துல குண்டு பாய்ஞ்சது. பிழைச்சுட்டான், ஆனா ஓட்டை மூடவே இல்ல. வில்லியம் பியூமான்ட்ங்கிற ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியா வருஷக்கணக்கா ஜீரணத்தைப் பார்த்து 1833-ல புத்தகம் போட்டார். அந்த ஆளுக்குக் கோபம் வந்தா வயித்துக்குள்ள மாற்றம் தெரியுறதைக் குறிச்சு வெச்சார். (அந்த இளைஞன் இந்தச் சோதனைகளுக்கு எவ்வளவு மனசார சம்மதிச்சான்ங்கிறது தனி எபிசோடுக்கான சோகம்.) 1890-கள் கடைசியில ஹார்வர்டுல வால்டர் கேனன் பூனைகளுக்குப் பிஸ்மத் கலந்த சாப்பாடு குடுத்து எக்ஸ்ரேயில பார்த்தார். பூனை பதட்டமானா, வயித்தோட அசைவு அப்படியே நின்னுடுது. அமைதியானா திரும்ப ஆரம்பிக்குது.

தமிழ்லயும் இந்த மாதிரி ஒண்ணு நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. திருக்குறள்ல மருந்துன்னு ஒரு அதிகாரம். பத்து குறள், பெரும்பாலும் சாப்பாடு பத்தித்தான். பசிச்ச பிறகு சாப்பிடு, அளவறிஞ்சு சாப்பிடுன்னு திரும்பத் திரும்ப வருது. ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது. இப்போ திருப்பிப் படிச்சா ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு: அந்தப் பத்துலயும் ஒரு உணவுப் பொருளோட பேர்கூட இல்ல.

நான் ஷிப்ட் மாத்திக் கேட்டு, ரெண்டு மாசம் இழுத்தடிச்சுக் கிடைச்சது. லேப்டாப்பை மூடிட்டுச் சாப்பிடுறேன், வாரத்துல அஞ்சு நாளாவது. நெஞ்செரிச்சல் குறைஞ்சிருக்கு, டாக்டர் குடுத்த மாத்திரைக்கும் அதுல பங்கு இருக்கு. படபடப்பு முழுசா போகல. அதுக்குத் தனியா ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கேன். வெட்கப்படுற விஷயம் இல்லன்னு தெரியும், ஆனாலும் மைக்ல சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யுது.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புன்னு நேரா கேக்க வாய் வரல. எங்க வீட்டுல அந்த வார்த்தையைப் புழங்கினதே இல்ல. அதனால பவர் சுவடிக் கதையைச் சொன்னேன். கொலை, பாலைவனம், மரப்பட்டை, ராகு, பசு மாடு எல்லாம். பொறுமையா கேட்டாங்க. கடைசியா அந்தப் பூண்டுத் திருவிழாவைச் சொன்னேன். வாசல் பூரா பூண்டு மாலை கட்டுவாங்களாம், வேலையாட்கள் கழுத்துலகூடப் போடுவாங்களாம்னு.

'பூண்டு கிலோ என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியுமாடா?'ன்னாங்க.

'டா' வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை பஸ்ல பாட்டில் வருது.